பட்டிக்கு வரியா? இரு நாடுகள் புகட்டும் பாடம்

(கமக்காரரும் தொழில்புரிவோரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



கால்நடை வளர்ப்பினால் வளிமண்டலத்திற் சேரும் பச்சைவீட்டு வாயுக்களைக் குறைப்பதற்கு உலக அரசாங்கங்கள் வகுத்துவரும் கொள்கைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். மாட்டுக்கும் சட்டத்தரணிக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் உள்ளூர நகைக்கக்கூடும். பசு விடும் மூச்சை அளப்பது விஞ்ஞானியின் வேலை. அந்த மூச்சுக்கு விலை குறித்துக் கமக்காரனிடம் அறவிடுவது சட்டத்தின் வேலை. சட்டம் நுழையும் இடத்தில் நீதியும் உடன் நுழைந்ததா என்று கேட்பது நம் அனைவரின் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்கவே இங்கு நிற்கின்றேன்.

முதலில் வழக்கின் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். பசு, எருமை, ஆடு ஆகியன அசைபோடும் விலங்குகள். அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் சிதைக்கும்போது மெதேன் என்னும் வாயு பிறக்கின்றது. பலர் எண்ணிச் சிரிப்பதுபோலன்றி, அதன் மிகப்பெரும் பகுதி ஏப்பமாக வாய்வழியேதான் வெளிவருகின்றது. குவித்துவைத்த சாணத்திலிருந்து மெதேனும், எருவிட்ட நிலத்திலிருந்து நைதரசு ஒட்சைட்டும் எழுகின்றன. மெதேன் வளியில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நிலைக்கும். ஆயினும் நூறாண்டுக் கணக்கிற் பார்த்தால், ஒரு தொன் மெதேன் ஒரு தொன் காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இருபது ஆண்டுக் கணக்கிற் பார்த்தால் ஏறத்தாழ 80 மடங்கு. மனிதர் வெளியேற்றும் பச்சைவீட்டு வாயுக்களில் கால்நடைத் துறையின் பங்கு 14.5 வீதம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013 ஆம் ஆண்டிற் கணித்தது. 2023 ஆம் ஆண்டு அறிக்கையில் அதனை ஏறத்தாழ 12 வீதம் என்று திருத்திற்று. எப்படிப் பார்த்தாலும் இது அலட்சியஞ் செய்யக்கூடிய தொகையன்று.

மழை பிந்தினாலும் வெள்ளம் முந்தினாலும் முதலில் அழிபவன் கமக்காரன். ஆதலின் வளி வெப்பமடைவதைத் தடுக்கும் முயற்சியிற் கமக்காரனுக்குப் பகையில்லை. அம்முயற்சியின் சுமையை யார், எவ்வளவு, எம்முறையிற் சுமப்பது என்பதே வழக்கு. இவ்வழக்கை விசாரித்த நாடுகளில் இரண்டினை உங்கள் முன் வைக்கின்றேன். ஒன்று நியூசிலாந்து; மற்றையது டென்மார்க்.

நியூசிலாந்தின் இருபதாண்டு வழக்கு

நம் வீடுகளிற் காலைத் தேநீருக்குக் கரைக்கும் பால்மாவின் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்தே வருகின்றது. ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் கறவை மாட்டினம் மட்டும் ஏறத்தாழ 60 இலட்சம். நாட்டின் மொத்தப் பச்சைவீட்டு வாயுவில் ஏறக்குறையப் பாதி கமத்தொழிலிலிருந்து எழுகின்றது. இத்தகைய நிலை வேறு செல்வ நாடுகளிற் காண்பதரிது.

2003 ஆம் ஆண்டில், மெதேன் ஆராய்ச்சிக்குப் பணந் திரட்டுவதற்காகக் கால்நடைகள்மீது ஒரு தீர்வை விதிக்க அங்குள்ள அரசாங்கம் முனைந்தது. வேண்டப்பட்ட தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 84 இலட்சம் நியூசிலாந்து டொலர், பெருந்தொகையன்று. ஆயினும் கமக்காரர் கொதித்தெழுந்தனர். எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் உழவு இயந்திரத்தைப் பாராளுமன்றப் படிகளில் ஏற்றினார். தீர்வை கைவிடப்பட்டது. ஆராய்ச்சிக்குத் துறையினரே பங்களிப்பது என்று முடிவாயிற்று.

2008 ஆம் ஆண்டில் வாயு வெளியேற்ற உரிமைகளை விலைக்கு வாங்கி விற்கும் முறையொன்று சட்டமாயிற்று. கமத்தொழிலும் 2013 இல் அதனுட் புகும் என்று முதலில் விதிக்கப்பட்டது. பின்னர் அத்தவணை 2015 ஆயிற்று. பின்னர் தவணையே இல்லாமற் போயிற்று. நீதிமன்றத்தில் வழக்குத் தவணை போடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாராளுமன்றமும் அவ்வாறே தவணை போட்டது.

2019 ஆம் ஆண்டில் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்தது. ஆளுங்கட்சியும் பிரதான எதிர்க்கட்சியும் ஒருங்கே வாக்களித்து ஒரு சட்டத்தை நிறைவேற்றின. கால்நடை முதலியவற்றின் மெதேனை 2017 ஆம் ஆண்டு அளவினின்றும் 2030 இல் 10 வீதமும், 2050 இல் 24 முதல் 47 வீதமும் குறைப்பதென அச்சட்டம் இலக்கு வகுத்தது. மெதேன் குறுங்காலம் வாழும் வாயு என்பதை உணர்ந்து, அதற்குத் தனி இலக்கு வைத்தமை அறிவுடைமை. அதே ஆண்டில் அரசாங்கமும் கமக்காரர் அமைப்புக்களும் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கின. 2025 அளவில் ஒவ்வொரு பண்ணையும் தன் வாயுவுக்குத் தானே கணக்குக் காட்டி விலை செலுத்தும் முறையைச் சேர்ந்து வகுப்பதே நோக்கம். அதற்கு இட்ட மாவோரிப் பெயர் "ஹே வாகா எகே நோவா" என்பது. நாம் எல்லோரும் ஏறியிருப்பது ஒரே தோணி என்பது அதன் கருத்து.

அத்தோணி ஏன் கவிழ்ந்தது? 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் கூட்டுக்குழு தன் திட்டத்தைக் கையளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜசிந்தா ஆர்டேர்னின் அரசாங்கம் வெளியிட்ட திட்டமோ அதனினின்றும் முக்கிய இடங்களில் விலகியிருந்தது. விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அமைச்சர்களிடம் வைக்கப்பட்டது. கமக்காரன் தன் காணியில் வளர்த்த மரங்களுக்குக் கிடைக்கும் கழிவு சுருக்கப்பட்டது. ஆட்டுப் பண்ணையாளரும் இறைச்சி மாட்டுப் பண்ணையாளருமே அதிகம் இழப்பர் என்பதை அரசாங்கத்தின் மதிப்பீடே காட்டிற்று. உழவு இயந்திரங்கள் மீண்டும் தெருவுக்கு வந்தன. 2023 இல் ஆட்சி மாறியது. 2024 யூனில் புதிய அரசாங்கம் கூட்டு முயற்சியைக் கலைத்து, கமத்தொழிலை வெளியேற்ற உரிமைச் சட்டத்திலிருந்தே நீக்கப்போவதாக அறிவித்தது. 2025 அக்டோபரில், மெதேனுக்கு வரி இல்லை என்றும், 2050 ஆம் ஆண்டு இலக்கு 14 முதல் 24 வீதமாகத் தாழ்த்தப்படும் என்றும் கூறிற்று.

கமக்காரர் வென்றனர் என்று இதனைக் கொண்டாடுவோர் உளர். நான் கொண்டாடேன். இருபதாண்டுக் காலம் அந்நாட்டுக் கமக்காரன் நாளை வரி வருமா வராதா என்று அறியாமல் மாடு வாங்கினான், கடன்பட்டான், காணி வாங்கினான். வாயுவும் நினைத்த அளவு குறையவில்லை. கமக்காரனுக்கும் நிச்சயம் இல்லை. சட்டம் கொடிதாயிருந்தால் எதிர்க்கலாம். சட்டம் எது என்றே தெரியாத நிலையில் எதனை நம்பிக் கமஞ்செய்வது?

டென்மார்க்கின் பேரம்

டென்மார்க்கு நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தை உழுது பயிரிடும் நாடு. பன்றியும் பாலும் அதன் ஏற்றுமதிச் செல்வங்கள். 1882 ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுச் சிறு கமக்காரர் கூட்டுறவுப் பாற்பண்ணையை நிறுவி உலகுக்கு வழிகாட்டினர். தனித்தனி நின்றால் வணிகனுக்கு இரை, சேர்ந்து நின்றால் சமபலம் என்ற உண்மையை அவர்கள் அன்றே கற்றுக்கொண்டனர். அப்பழக்கம் நூற்றாண்டுக்குப் பின்னர் அவர்களுக்குக் கைகொடுத்தது.

2024 பெப்ருவரியில் பொருளியல் வல்லுநர் குழுவொன்று கால்நடை வாயுவுக்கு வரி விதிக்கும் மாதிரிகள் மூன்றினை முன்வைத்தது. பின்னர் அரசாங்கம், கமக்காரர் அமைப்பு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தொழிற்சங்கங்கள், கைத்தொழிலாளர் அமைப்பு, உள்ளூராட்சி மன்றங்களின் ஒன்றியம் ஆகியன ஒரே மேசையில் அமர்ந்தன. அமைப்புக்கள் பல, நலன்கள் பகைத்தவை. வரி வேண்டுமா வேண்டாமா என்பது அம்மேசைக்கு வரவில்லை. வரி ஒன்று வரும் என்பது முன்னரே திடமாயிருந்தது. எத்துணை, எப்போது, எதற்குப் பதிலாக என்பவையே பேசப்பட்டன. 2024 யூன் 24 ஆம் நாள் உடன்பாடு எட்டிற்று. நவம்பர் 18 ஆம் நாள் ஆளுங்கட்சிகளோடு எதிர்க்கட்சிகள் பலவும் அதனை ஏற்றுக் கைச்சாத்திட்டன.

உடன்பாட்டின் சாரம் இது. 2030 இலிருந்து, காபனீரொட்சைட்டுக்குச் சமமாகக் கணித்த ஒவ்வொரு தொன்னுக்கும் 300 குரோனர் வரி. 2035 இல் அது 750 குரோனர். ஆயினும் 60 வீதக் கழிவு உண்டு. ஆதலின் மெய்யான சுமை 2030 இல் 120 குரோனர், 2035 இல் 300 குரோனர். ஒரு பசு ஆண்டுக்கு 6 தொன் வெளியேற்றுகின்றது எனக் கொண்டால், தொடக்கத்தில் அப்பசுவுக்கு 720 குரோனர் வரும். கழிவு சராசரி அளவைக் கொண்டு கணிக்கப்படுவதால், சராசரிக்குக் குறைய வெளியேற்றுபவன் குறையவே செலுத்துவான். தொடக்க ஆண்டுகளில் அறவிடப்படும் பணம் திறைசேரியில் மறைந்துவிடாமல், பண்ணைகளின் மாற்றத்துக்கே திரும்பிச் செல்லும். இதனோடு 4,000 கோடி குரோனருக்கு மேற்பட்ட நிதியொன்று அமைக்கப்பட்டது. அதனால் தாழ்ந்த சேற்று நிலங்களை விலைகொடுத்து வாங்கி மீண்டும் நீர் தேக்கவும், 250,000 எக்டயர் புதுக்காடு வளர்க்கவும் திட்டமிட்டனர்.

இதனைக் குற்றமற்ற சட்டம் என்று நான் சான்றுரைக்கவில்லை. 60 வீதக் கழிவு வரியின் பல்லைப் பிடுங்கிவிட்டது என்றனர் சூழல் ஆர்வலர் சிலர். கமக்காரர் சங்கமொன்று தாங்கள் விற்கப்பட்டதாகக் குமுறிற்று. இன்னொரு சோதனையும் எழுந்தது. 50 இற்கு மேற்பட்ட பசுக்களையுடைய பண்ணைகள் 2025 இலிருந்து தீனிற் கொழுப்பைக் கூட்டவேண்டும். அன்றேல் மெதேனைக் குறைக்கும் மருந்துச் சேர்மானத்தை ஆண்டிற் குறைந்தது 80 நாள் கொடுக்கவேண்டும் என விதிக்கப்பட்டது. போவயர் எனப்படும் அச்சேர்மானத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் அனுமதித்திருந்தது. கறவைப் பசுவின் மெதேனை ஏறத்தாழ 30 வீதம் குறைக்கவல்லது என்று ஆய்வுகள் கூறின. ஆயினும் 2025 இன் இறுதியில், பசுக்கள் தீனை மறுக்கின்றன, நோயுறுகின்றன என்று பண்ணையாளர் சிலர் முறையிட்டனர். பசுவின் நலங் கெடுமெனின் கொடுப்பதை நிறுத்தலாம் என்று அதிகாரிகள் தெளிவுபடுத்த வேண்டி நேர்ந்தது. ஆய்வுகூடத்தில் வென்றது பட்டியிலும் வெல்லும் என்று சட்டம் முன்கூட்டியே தீர்ப்பளிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மூன்று கேள்விகள்

இரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கமக்காரரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஆகவே கருத்துக் கேட்டாற் போதும் என்று சொல்ல இயலாது. நியூசிலாந்திற் கேட்டார்கள், கேட்டபின் முடிவை அமைச்சரவையில் மாற்றினார்கள். டென்மார்க்கில் மேசையில் எழுதியதே, சிறு திருத்தங்களோடு, கட்சிகளின் உடன்பாடாயிற்று. நியூசிலாந்தில் இலக்குக்கு மட்டும் இரு கட்சிகளும் உடன்பட்டன, விலைக்கு உடன்படவில்லை. ஆதலின் ஆட்சி மாறியதும் விலையும் போயிற்று. பின்னர் இலக்கும் இறங்கிற்று. டென்மார்க்கில் வலது இடது என்று பிரிந்திருந்த கட்சிகள் பலவும் விலைக்கே கைச்சாத்திட்டன. அதனால் அவ்வுடன்பாடு ஒரு தேர்தலோடு சாகாது என்று நம்ப இடமுண்டு.

ஆகவே, எந்த நாட்டில், எந்த அரசாங்கம் பட்டிமீது கை வைத்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்பது நமது கடமை. எதனைக்கொண்டு அளக்கின்றீர்கள்? எடுத்த பணம் எங்கே போகின்றது? எங்களோடு எழுதிய உடன்பாட்டை யாருடைய கையெழுத்துக் காக்கும்? இம்மூன்றுக்கும் விடையிருந்தாற் கமக்காரன் சுமையை ஏற்பான். ஒன்றுக்கேனும் விடையில்லையெனின், எத்துணை உயர்ந்த நோக்கத்தோடு வந்த சட்டமும் நிலைக்காது.

"நாங்கள் பாலைக் குறைத்தால், எங்களிலுங் கூட வாயு வெளியேற்றும் வேறொரு நாடு அப்பாலை உற்பத்தி செய்யும், உலகுக்கு என்ன இலாபம்?" என்று நியூசிலாந்துக் கமக்காரர் வாதிட்டனர். இது வெறுஞ் சாட்டன்று, நியாயமுள்ள வாதம். ஆயினும் அதனையே ஒவ்வொரு நாடும் சொல்லிக்கொண்டிருந்தால் ஒருவரும் தொடங்கப் போவதில்லை. ஒரு லீற்றர் பாலுக்கு எழும் வாயுவைக் குறைப்பது, மொத்தத் தொகையைப் படிப்படியாகக் குறைப்பது, அதற்கான செலவை நுகர்வோனும் அரசாங்கமும் பகிர்வது ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி அவ்வாதத்துக்கு முழு விடை கிடையாது.

நம் பட்டிக்கு என்ன?

இனி, இவை நமக்கு எதற்கு என்ற கேள்விக்கு வருகின்றேன். பச்சை நோக்கம் ஒன்றின் பெயரால் ஒரே இரவில் வந்த சட்டம் கமக்காரனை என்ன செய்யும் என்பதை இந்நாடு அறியும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. யாரையும் கேளாமல், பரீட்சித்துப் பாராமல், மாற்றுப் பசளை கையிருப்பில் இல்லாமல் அது வந்தது. வன்னியின் நெல்வயலும் யாழ்ப்பாணத்துத் தோட்டமும் அதன் விலையைக் கொடுத்தன. அவ்வாண்டு நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கிற்று. ஆயினும் அந்தப் போக விளைச்சலைத் திருப்பிக் கொடுப்பார் எவருமிலர். வயலில் நிகழ்ந்தது பட்டியிலும் நிகழலாகாது.

நம் கமக்காரன் வீட்டில் நிற்பவை இரண்டு மூன்று பசுக்கள். டென்மார்க்கின் வரியைப் பிரதி பண்ணி அவன் தலையிற் போடுவது அநீதி மட்டுமன்று; மூடமுமாகும். ஏன்? ஒரு பசு நாளுக்கு 2 லீற்றர் கறக்கின்றது, வேறொன்று 8 லீற்றர் கறக்கின்றது என்று வையுங்கள். பின்னது கூடத் தின்னும். கூட மெதேனும் விடும். ஆனால் நான்கு மடங்கு விடாது. ஆகவே நல்ல தீனும் நோயற்ற உடலும் நல்ல இனமும் வாய்த்தால், லீற்றருக்கு எழும் வாயு குறையும். கமக்காரன் கைக்கு வரும் காசு கூடும். வரி விதிக்காமலே வளியைக் காக்கும் வழி இது. யூரியாக் கரைசலிற் பதப்படுத்திய வைக்கோல், வேலியில் வளரும் கிளிசரிடியாவும் அகத்தியும், செயற்கைமுறைச் சினைப்படுத்தல், அழைத்த அன்றே வரும் கால்நடை வைத்தியர், சாணத்திலிருந்து அடுப்புக்கு எரிவாயு: இவையே நமக்கு ஏற்ற காலநிலைக் கொள்கைகள்.

மேய்ச்சற்றரையும் இக்கணக்கிற் சேர்ந்ததே. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்காகப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கியதை அறிவீர்கள். தரையை இழந்த பட்டி மெலியும். மெலிந்த பசு பால் குறையும். பால் குறைந்த பசு லீற்றருக்குக் கூடிய வாயுவை விடும். மேய்ச்சற்றரையைப் பறித்துவிட்டுப் பசுவின் ஏப்பத்தைக் குறைக்கப் போகின்றோம் என்று எவரேனும் சொன்னால், அவர் வளியையும் அறியார், பசுவையும் அறியார்.

எனவே நான் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. நம் கால்நடைகளின் வாயுவை, ஆசியா முழுவதற்கும் பொதுவாகக் குறித்த சராசரி எண்ணைக்கொண்டன்றி, இம்மண்ணின் பசுவையும் எருமையையும் அளந்து கணிக்கவேண்டும். சிறு கமக்காரன்மீது தீர்வை விதிக்காமல், சேவைகளை முதலில் வாசலுக்குக் கொண்டுவரவேண்டும். மேய்ச்சற்றரைகளை எல்லைகுறித்துச் சட்டத்தால் உறுதிசெய்யவேண்டும். கட்டாய விதி எதுவாயினும், அதன் வரைவு தமிழிலும் வெளியாகி, கமக்காரர் சங்கங்களிடம் போதிய தவணையோடு கையளிக்கப்பட்டு, சில பட்டிகளிற் பரீட்சித்த பின்னரே நாடெங்கும் நடைமுறைக்கு வரவேண்டும்.

இவற்றைக் கேட்கும் வலிமை தனி மனிதனுக்கு இல்லை. டென்மார்க்குக் கமக்காரன் மேசையில் அமர்ந்தமைக்குக் காரணம் அவனுக்குப் பின்னால் நின்ற சங்கம். நம் கிராமங்களிற் பால் சேர்க்கும் சங்கங்கள் உண்டு. சிலவற்றிற் கூட்டம் கூடிப் பல மாதங்கள் ஆயின. தொழில்புரியும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: கணக்கறிந்தவர் அச்சங்கங்களின் கணக்கைப் பாருங்கள், விஞ்ஞானங் கற்றவர் தீனையும் வாயுவையும் அளக்க உதவுங்கள், சட்டங் கற்ற நாங்கள் வரைவுகளைப் படித்துச் சொல்கின்றோம். கமக்காரப் பெருமக்களே, வருகின்ற மாதக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். எத்தனை பசு, எத்தனை லீற்றர், என்ன தீன் என்று இன்றே கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். நாளை ஒருவர் வந்து உங்கள் பட்டியின் மூச்சுக்குக் கணக்குக் கேட்கும்போது, அவர் கையிலுள்ள எண்ணுக்கு எதிரே வைப்பதற்கு உங்கள் கையிலும் ஓர் எண் இருக்கவேண்டும்.